காண்டசாவுக்கு எந்த எஞ்சின்? மாற்றிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

மாமா வீட்டுத் தொழுவத்தில் வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் ஆறு வருஷம் கிடந்த 1986 ஹிந்துஸ்தான் காண்டசா கார் என்னுடையது. நீண்ட மூக்கும் அகன்ற தோளுமாக பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்க மசில் கார் மாதிரி நிற்கும். பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது அம்பாசிடரின் அதே 1489 சிசி எஞ்சின். சுமார் 50 குதிரைத்திறன். அந்த உடம்புக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பிஸ்டன் பிடித்துப் போயிருந்தது. போர் அடித்து, அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் ஓடும் என்றார் மேஸ்திரி. கூடவே, "கிராங்க் ஷாப்ட்டைத் தாங்குறது மூணே மெயின் பேரிங்தான் அண்ணாச்சி, ரொம்ப விரட்டினா தாங்காது" என்றும் சொன்னார். எனக்கு ஆசை அடங்கவில்லை. பின்னாளில் காண்டசா கிளாசிக்கில் வந்த 1817 சிசி இசுசு பெட்ரோல் எஞ்சினைத் தேடினேன். 88 குதிரைத்திறன், ஐந்து கியர்.

கிடைத்தது. ஆனால் எஞ்சினை மட்டும் வாங்கி வந்துவிட்டேன், கியர்பாக்ஸ் இல்லாமல். அங்கேதான் தப்பு. என் பழைய நாலு கியர் பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும் மணி வடிவ உறையான பெல் ஹவுசிங் இசுசு பிளாக்கில் பொருந்தவில்லை. லேத்தில் நடுத்தகடு கடைந்தோம், போல்ட் துளை அரை நூல் விலகியது, மறுபடியும் கடைந்தோம். அப்புறம் கிளட்ச் பிளேட், மவுண்டிங், புரொப்பல்லர் ஷாப்ட் நீளம் என்று ஒவ்வொன்றாக வந்தது. எஞ்சினுக்குக் கொடுத்த காசைவிட அதைச் சுற்றிச் செலவழித்ததுதான் அதிகம். இன்னும் முழுசாக முடியவில்லை.

வள்ளியூரிலிருந்து:

அண்ணாச்சி, நீங்களாவது ஓடுகிற எஞ்சின் வாங்கினீர்கள். நான் பார்க்கப் போனபோது ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது, சந்தோஷமாகப் பணம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் ஆயில் எரிகிற நீலப் புகை வேப்பமரம் வரை போகிறது. நான் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருக்கிறார் விற்றவர்.

இப்போதெல்லாம் போனதும் முதலில் பிளாக்கில் கை வைப்பேன். சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு ஆறும்வரை உட்கார்ந்திருப்பேன். ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி உள்ளங்கையை மேலே காட்டுவேன். புகை குபுகுபுவென்று முட்டினால் பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்து போய்விட்டது. மூடியின் அடியில் மோர் மாதிரி வெளுத்த பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

நான் மைலேஜுக்கு ஆசைப்பட்டு 1995 சிசி இசுசு டீசல் ஏற்றினேன். காண்டசாவிலேயே அந்த எஞ்சின் வந்திருக்கிறது என்பதால் சிரமம் குறைவு. நன்றாகத்தான் இழுக்கிறது. ஆனால் சத்தம்! கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தினேன், ஒரு பெரியவர் வந்து "ஜங்ஷன் வரைக்கும் எவ்வளவு?" என்று கேட்டார். மசில் கார் கனவு அன்றோடு சரி.

இன்னொன்று, பெட்ரோல் வண்டியை டீசலாக்கினால் ஆர்.சி.யில் எரிபொருளும் எஞ்சின் நம்பரும் மாற வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்ட பிறகு பழைய எஞ்சினை இறக்குங்கள். 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது வண்டியில் இருக்கும் நம்பரும் ஆர்.சி. நம்பரும் ஒத்துப்போக வேண்டும். பழைய எஞ்சின் விற்பவரிடம் பில்லும் அது எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்ற காகிதமும் கேளுங்கள். தர மறுத்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

தென்காசியிலிருந்து:

எட்டு சிலிண்டர் செவர்லே 350 ஏற்ற முடியுமா? கேட்டால் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

சிரிக்கவில்லை தம்பி. 350 கன அங்குலம் என்றால் 5.7 லிட்டர். ஏற்றிவிடலாம் என்றே வைத்துக்கொள். பிரேக்கும் பின் ஆக்ஸிலும் 50 குதிரைக்குச் செய்தது. சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதித்து நான் நான்குநேரிப் பக்கம் புளியமரத்தடியில் நின்றதே இந்த 1.8-க்குத்தான்.

சரி, நாகர்கோவிலில் ஒரு ஐந்து கியர் பாக்ஸ் இருப்பதாகக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறேன். வள்ளியூர் அண்ணாச்சி, வழியில் உங்களை ஏற்றிக்கொள்ளட்டுமா?