கவாத்து செய்த குண்டுமல்லி துளிர்க்கவில்லை: வைத்திருப்பதா, பிடுங்குவதா?

நிலக்கோட்டைப் பக்கம் 30 சென்ட் குண்டுமல்லி, 12 வயதுச் செடிகள். நவம்பர் கடைசியில் தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து இலையை உருவியாயிற்று. மாசி பிறந்துவிட்டது. பாதிச் செடிகளில் தளிர் ஒரு சாண்கூட வரவில்லை. வந்த இலையும் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

சுண்ணாம்பு மண், பி.எச். 8.3. அதனால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து மாலையில் தெளித்தோம். இலை பச்சை கட்டியது. அடுத்து வந்த தளிர் திரும்பவும் வெளுத்தது. செடிக்கு 10 கிலோ தொழு உரம் வைத்தாயிற்று. வேரைத் தோண்டிப் பார்த்ததில் வேரைத் தாக்கும் நூற்புழுவின் முடிச்சு இல்லை, ஆனால் வெள்ளை வேர் மிகக் குறைவு. சில தூர்களை (அடித்தண்டுகளை) வெட்டினால் உள்ளே பழுப்பு நிறம். இதுதான் பயமாக இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனம், தண்ணீர் தேங்காது.

இத்தனை வருடம் பூத்த செடியை விட மனம் வரவில்லை. இப்போது மறுபடி வெட்டினால் இந்தக் கோடைப் பூவும் போய்விடும்.

உள்ளே பழுப்பேறிய தூரை 20 செ.மீ.க்குத் தாழ வெட்டினால் புதுக் கிளை வருமா, அல்லது பிடுங்கிவிட்டு ஆனியில் பதியன் (கிளையை மண்ணில் பதித்து வேர்விட்ட கன்று) நடுவதுதான் சரியா?