ஏஜாக்ஸ் பேஸ்மென்ட்: ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார், நாளைக்குள் பதில் வேண்டும்

புதுக்குடித்தனம்:
வணக்கம். கனடாவில் டொராண்டோவுக்குக் கிழக்கே இருக்கிற ஏஜாக்ஸில் ஏரிக்குப் பக்கத்தில் இரண்டு அறையுள்ள பேஸ்மென்ட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையும், சேதத்துக்கென்று தனியாக ஒரு தொகையும் ரொக்கமாகக் கேட்கிறார். நாளை மாலைக்குள் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். மனைவியும் பிள்ளைகளும் அடுத்த வாரம் வந்து இறங்குகிறார்கள். கொடுக்கலாமா? தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

பனிக்காலத்து அக்கா:
தம்பி, ஏன் ஏஜாக்ஸ்? டொராண்டோவுக்குள்ளேயே ஸ்காபரோவில் தேடினீர்களா? ஏரிக்கரை படத்தில் அழகுதான். ஜனவரியில் அந்தக் காற்றில் பஸ்ஸுக்கு நின்று பாருங்கள். நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் காரும் இல்லை, நல்ல சப்பாத்தும் இல்லை. பால் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் விரல் மரத்துவிடும். முதலில் கார் வாங்குகிற வழியைப் பாருங்கள். ஊர் லைசென்ஸை வைத்து இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் 60 நாள்தான் ஓட்டலாம், ஞாபகம் இருக்கட்டும்.

இரட்டை வேலை:
கார் வாங்கினால் இன்சூரன்ஸிலேயே சம்பளம் கரைந்துவிடும். டொராண்டோவுக்குப் போகிற கோ ரயில் எதற்கு இருக்கிறது? 12 வயது வரை பிள்ளைகளுக்கு அதில் டிக்கெட்டே இல்லை. 2022 மார்ச்சிலிருந்து ஏஜாக்ஸில் ஓடுகிற டர்ஹம் பஸ்ஸில் பிரெஸ்டோ பயண அட்டையைத் தட்டிவிட்டுப் போய்க் கோ ரயிலில் ஏறினால் பஸ்ஸுக்குத் தனிக் கட்டணமும் கிடையாது. முன்பணத்தைக் கொடுத்துவிடுங்கள், தம்பி. கடன் வரலாறு இல்லாத குடும்பத்துக்கு யார் வீடு தருகிறார்கள்? நாங்களெல்லாம் கொடுத்துத்தான் உள்ளே வந்தோம்.

கிழக்குக்கரை:
இப்படிக் கொடுத்துக் கொடுத்துத்தான் இவர்களுக்குக் குளிர்விட்டுப்போயிற்று. எங்கள் பழைய வீட்டுக்காரர் ஹீட்டரின் சாவி தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்பார். நாங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

பனிக்காலத்து அக்கா:
அதோடு பக்கத்து ஊரான பிக்கரிங்கின் அணுமின் நிலையமும் அங்கேதான், அதை யாரும் சொல்வதில்லை.

இரட்டை வேலை:
அதற்குத்தான் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிற வீடுகளுக்கு கதிர்வீச்சு விபத்து நேர்ந்தால் தைராய்டைக் காக்கிற பொட்டாசியம் அயோடைடு மாத்திரை இலவசமாகத் தருகிறார்களே அக்கா. என் கவலையெல்லாம் ரயில் தாமதம். டொராண்டோ யூனியன் ஸ்டேஷனில் நிற்கிற நேரத்தில் இன்னொரு வேலை பார்த்துவிடலாம்.

கணக்குப்பிள்ளை:
அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லக் காணோமே. தம்பி, பிள்ளைகளுக்கு என்ன வயது? பணம் ஏதாவது கை மாறிவிட்டதா? எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா?

புதுக்குடித்தனம்:
நாலு, ஒன்பது அண்ணா. பணம் இன்னும் கொடுக்கவில்லை. ஒப்பந்தம் எதற்கு, நம் ஆட்கள்தானே என்கிறார். எனக்கு டொராண்டோவில் வேலை, நியமனக் கடிதம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
கடிதத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம், அதுதான் உங்கள் பலம்.

ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் கேட்கக்கூடிய வைப்புத்தொகை கடைசி மாத வாடகை ஒன்றுதான். அதற்கும் ஆண்டுதோறும் வட்டி தர வேண்டும். சேதத்துக்கென்று முன்கூட்டியே வாங்கச் சட்டத்தில் இடமில்லை. 2018 ஏப்ரல் 30 முதல் மாகாண அரசின் பொது ஒப்பந்தப் படிவத்தில்தான் எழுத வேண்டும், பேஸ்மென்ட்டுக்கும் அதேதான். குளியலறையையோ சமையலறையையோ வீட்டுக்காரரோடு பகிர்வதாக இருந்தால் மட்டும் இந்தச் சட்டம் உங்களைக் காக்காது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். பிறகு பள்ளியில் பிள்ளைகளைப் பதியப் போனால் முகவரிக்குச் சான்று கேட்பார்கள். ரொக்கம் கொடுத்து, கையில் தாள் இல்லாமல் நின்றால் அங்கே என்ன காட்டுவீர்கள்?

நாளைக்கு நியமனக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், உத்தரவாதம் தர ஆள் இருந்தால் அவர் கடிதம், மூன்றையும் நீட்டுங்கள். முதல் மாதமும் கடைசி மாதமும் காசோலையாகத் தருகிறேன், ரசீது வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ரசீது என்றதும் முகம் மாறினால் அந்த வீடு வேண்டாம். பேஸ்மென்ட் அனுமதி பெற்றதா என்று நகரசபைக்குக் காலையிலேயே போன் செய்யுங்கள். தீ வந்தால் பிள்ளைகள் வெளியேற வழி இருக்கிறதா, புகை அலாரம் வேலை செய்கிறதா என்று நேரில் பாருங்கள்.

அவசரத்துக்கு இரண்டு வாரம் தங்க அறை தேடுவதென்றால் 211 என்ற உதவி எண்ணை அழையுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். உங்கள் வேலை டொராண்டோவில் எந்தப் பகுதி? அதைச் சொன்னால் ஏஜாக்ஸா பிக்கரிங்கா என்று பார்க்கலாம்.