டிஸ்ட்ராக்‌ஷனுக்கு 'பராக்கு' போதாதா?

ஐயா வணக்கமுங்க, இங்கிலீஷ் டிஸ்ட்ராக்‌ஷனுக்குத் தமிழ்ல நீங்க சொன்ன கவனச்சிதறல் நல்ல சொல்லுதான், பேப்பர்லயும் அதான் எழுதறாங்க, ஆனா அது பாதி வேலைதான் செய்யுது. சிதறிப்போன மனசோட நிலைமைக்கு அது சரி, சிதறடிச்ச பொருளுக்கு என்ன பேரு? இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் டிஸ்ட்ராக்‌ஷன்தான். லத்தீன்ல அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இழுக்கறதுன்னு அர்த்தம், டிராக்டருக்கும் அதே வேர்தான், அதுவும் இழுக்கற வண்டிதானே. ஆக இழுக்கறவன் ஒருத்தன் வெளிய இருக்கான். நம்ம சிதறல்ல அவனையே காணோம், பழி பூரா பாவப்பட்டவன் தலையிலயே விழுது.

போன வாரம் ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியா மசினகுடிக்கு பஸ்ல இறங்கினேன், 36 கொண்டை ஊசி வளைவு, டிரைவர் கியரை இறக்கிட்டு திருப்பிட்டே வர்றாரு, ஒரு வளைவுல காட்டெருமை ஒண்ணு ரோட்டோரமா நிக்குது, உடனே அத்தனை பேரும் போனைத் தூக்கிட்டு எந்திரிச்சு முன்னாடி வந்துட்டாங்க. கண்டக்டர் போட்டாரு ஒரு சத்தம்: "டிரைவருக்குப் பராக்கு காட்டாம உக்காருங்க!"

அங்கதானுங்க சொல்லு கிடைச்சுது. குழந்தைக்கு சோறூட்ட காக்காவைப் பராக்கு காட்டறோம்ல? காட்டறதுன்னாலே அது வெளிய இருக்கற பொருளு. இழுக்கறதுக்குத் தனியா வினைச்சொல் தேடவும் வேண்டாம், 'பராக்கு காட்டு' இருக்கு.

அரண்மனையில 'பராக் பராக்'னு கத்தறது கவனமா இருன்னு சொல்லத்தானே, அர்த்தம் தலைகீழா இருக்கேன்னு இங்க ஒருத்தர் கேட்டிருந்தாங்க. செய்யற வேலையை விட்டுட்டு ராஜாவைப் பாருங்கறதுதானுங்க அது, வேலை செஞ்சிட்டிருந்தவனுக்கு ராஜாவே ஒரு பராக்குதான்!

மறதிக்குப் பொச்சாப்புன்னு ஒரு பழைய சொல் இருக்கு, அதுவும் வேண்டாமுங்க. குறள்ல 54வது அதிகாரமே பொச்சாவாமைதான், மறக்காம இருக்கறதுன்னு அர்த்தம், ஆனா பொச்சாப்பு உள்ள இருந்து வர்ற மறதி, மிதப்புல வர்ற சோர்வு. தவிர, ஆப்புல பொச்சாப்புன்னு பட்டன் வச்சா எவன் தொடுவான்.

அதனால நிலைமைக்கு கவனச்சிதறலே இருக்கட்டும், பொருளுக்கு பராக்கு. நான் இப்ப மொழிபெயர்க்கற, எழுதறதுக்கான ஆப்புல, எழுத்தைத் தவிர மத்ததை மறைக்கற டிஸ்ட்ராக்‌ஷன் ஃப்ரீ மோடுக்கு 'பராக்கில்லாத் திரை'ன்னு போட்டுட்டேன், மெனுவுலயும் அடங்குது. டிஸ்ட்ராக்டட் டிரைவிங், அதாவது கவனம் சிதறி வண்டி ஓட்டறது, அதுக்குத்தான் சொல்லு இன்னும் மாட்டல, 'பராக்கு ஓட்டல்'னு எழுதி வீட்ல காட்டினா எந்த ஊர்ல இருக்கு, பரோட்டா நல்லாருக்குமான்னு கேக்கறாங்க. யாருக்காச்சும் தோணுச்சுன்னா சொல்லுங்க.