தாஜ்மகால் பெஞ்சில் டயானா: தற்செயலா, நாடகமா?

தேரடிவாசி:
தாஜ்மகால் முன்னால் பிரிட்டிஷ் இளவரசி டயானா தனியாக உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டு, "கேமரா இருப்பதே தெரியாமல் சோகத்தில் மூழ்கியிருக்கிறார்" என்று ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறார். 1992 பிப்ரவரி 11, அரசுமுறைப் பயணம். எதிரே ஒரு பட்டாளம் கேமராவோடு நிற்கிறது. தெரியாதாம்!

முத்துக்குளி:
கேமரா தெரியும், சரி. அதனால் சோகம் பொய்யாகிவிடுமா? அதே ஆண்டு டிசம்பரில் அவரும் கணவர் இளவரசர் சார்லஸும் பிரிவதாகப் பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அது இருக்கட்டும், சார்லஸ் அன்று எங்கே?

தேரடிவாசி:
பெங்களூரில். தொழிலதிபர்களுடன் கூட்டம். கூட்டத்தை விட்டுவிட்டு ஓடி வந்திருக்க வேண்டுமா?

முத்துக்குளி:
1980இல் தாஜ்மகாலுக்குப் போனபோது, மனைவியோடு திரும்ப வருவேன் என்று சொன்னவர் அவர்தானே? மனைவி வந்துவிட்டார். அவரைக் காணோம்.

தேரடிவாசி:
மறுபடியும் சொல்கிறேன், பெங்களூர். கூட்டம். டயானாவுக்குப் படத்தின் பலம் தெரியும். 1987இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் கையுறை போடாமல் எய்ட்ஸ் நோயாளியின் கையைக் குலுக்கினாரே, அதுவும் கேமரா முன்னால்தான்.

கமலம்பாட்டி பேத்தி:
அதையும் நாடகம் என்பீர்களா? தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஊரே நடுங்கிய காலம் அது. நோயாளியின் முகம்கூடப் படத்தில் தெரியாது. 1997 ஜனவரியில் அங்கோலாவில் கண்ணிவெடி நிலத்தில் நடந்தாரே, அதுவும் ஃபோட்டோவுக்குப் போஸா?

தேரடிவாசி:
அம்மணி, நாடகம் என்று நான் எங்கே சொன்னேன்? தெரிந்தே செய்தார் என்றேன். படிக்காமல் பாயாதீர்கள்.

முத்துக்குளி:
தலைப்பில் 'நாடகமா' என்று போட்டது யார், என் பாட்டனா? போன மாதம் எலிசபெத் ராணியின் தங்கை மார்கரெட் பற்றிய இழையிலும் இதே வேலைதான். 1960இல் அவர் திருமணத்தை டிவியில் காட்டவே இல்லை என்று அடித்துச் சொன்னீர்கள். டிவியில் ஒளிபரப்பான முதல் பிரிட்டிஷ் அரச திருமணமே அதுதான்.

தேரடிவாசி:
அதை இங்கே இழுக்காதீர்கள். பெங்களூருக்குப் பதில் சொல்லுங்கள்.

சும்மா வந்தவன்:
மார்கரெட்டின் கணவரே ஃபோட்டோகிராஃபர். அரண்மனைக்கும் கேமராவுக்கும் சம்பந்தம் பண்ணி வைத்தது அவர்கள்தான் :)

தேரடிவாசி:
வந்துவிட்டார் நகைச்சுவை மன்னர். டயானா சாமானியப் பெண் இல்லை. 1980இல் அவர் வேலை பார்த்த நர்சரிப் பள்ளி வாசலில், வெயிலில் பாவாடை வழியே கால் தெரியும்படி படம் எடுத்து வெளியிட்டார்களே, அன்றே பாடம் படித்துவிட்டார். பிறகு எந்தப் படமும் தற்செயல் இல்லை.

கமலம்பாட்டி பேத்தி:
அப்போது அவருக்கு 19 வயது. அதைப் 'பாடம்' என்று சொல்ல உங்களால்தான் முடியும்.

முத்துக்குளி:
தாஜ்மகாலுக்கு இரண்டு நாள் கழித்து ஜெய்ப்பூரில் போலோ ஆட்டம். பரிசு வாங்கிய சார்லஸ் முத்தமிட வர, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே பெங்களூர் எங்கே வந்தது?

தேரடிவாசி:
ஜெய்ப்பூர் வேறு. நான் கேட்டது ஆக்ரா. அன்று கணவர் பெங்களூரில். நிகழ்ச்சி நிரலை மாற்றச் சொல்கிறீர்களா, ஆமாவா இல்லையா?

முத்துக்குளி:
மாற்றியிருக்கலாம். இளவரசர்தானே, தாசில்தார் இல்லையே.

தேரடிவாசி:
தாசில்தாரைக் கேவலமாகப் பேச வேண்டாம். என் அப்பா தாசில்தாராக இருந்தவர்.

சும்மா வந்தவன்:
2016இல் டயானாவின் மகன் வில்லியமும் அவர் மனைவி கேட்டும் ஜோடியாக அதே பெஞ்சில் உட்கார்ந்தார்களே, அதற்கு யார் நிகழ்ச்சி நிரல் போட்டது?

தேரடிவாசி:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே பெங்களூர் மட்டும்.