என்டிகே நிறுவியும் ஒரு கைப்பேசியில் மட்டும் சி++ நூலகம் கிடைக்கவில்லை

குறுவை:
அனைவருக்கும் வணக்கம். நெல் இலையைப் படம் பிடித்தால், இலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, யூரியா இப்போது இட வேண்டுமா என்று சொல்லும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை மன்னார்குடியில் எங்கள் வயலுக்காக எழுதி வருகிறேன். படத்தைக் கணக்கிடும் பகுதி சி++ மொழியில் இருப்பதாலும், அது படங்களை ஆராய உதவும் ஓப்பன்சிவி நூலகத்தை நம்பியிருப்பதாலும், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் எஸ்டிகே மேனேஜர் வழியாக சி++ நிரலை ஆண்ட்ராய்டுக்குத் தொகுக்கும் கருவிகளான என்டிகேயையும் சிமேக்கையும் நிறுவினேன். என் கைப்பேசியில் நன்றாக ஓடுகிறது. அப்பா வயலுக்கு எடுத்துச் செல்லும் பழைய கைப்பேசியிலோ, செயலி நிறுவப்பட்டாலும் திறந்த உடனே மூடிக்கொள்கிறது. பிழைகளைக் காட்டும் லாக்கேட்டில் "லிப்இலை.எஸ்ஓ நாட் ஃபவுண்டு" என்று வருகிறது. என்டிகேயை இருமுறை நீக்கி நிறுவிப் பார்த்துவிட்டேன். மேலுரம் இடும் நாள் நெருங்குகிறது, வழி சொல்லுங்கள்.

அரசலாறு:
என்டிகேயில் குறை இல்லை. அதை மறுபடி பதிவிறக்க வேண்டாம். அப்பாவின் கைப்பேசி 32 பிட் ஆக இருக்கும் என்று நினைக்கிறேன். தொகுப்பு அமைப்புகள் உள்ள கிரேடில் கோப்பில் சிமேக் பகுதிக்குள் ஏபிஐ ஃபில்டர்ஸ் (abiFilters) என்ற இடத்தில் 64 பிட் வகையான ஆர்ம்64-வி8ஏ மட்டும் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கே கொடுப்பது உங்கள் சி++ நிரல் எந்தப் பிராசசர்களுக்குத் தொகுக்கப்பட வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. ஓப்பன்சிவி தன் நான்கு பிராசசர் வகைகளுக்கான கோப்புகளோடும் தனியே உள்ளே வந்துவிடுகிறது. 32 பிட் வகைக்கு ஏதோ ஒரு நூலகம் இருப்பதால் கைப்பேசி செயலியை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் உங்களுடைய நூலகம் அந்த வகையில் இல்லாததால் திறக்கும்போது முறிகிறது. ஆர்மியாபி-வி7ஏ என்ற 32 பிட் வகையையும் சேருங்கள். டெல்டாவில் உழவர்கள் கையில் இத்தகைய பழைய கைப்பேசிகள் இன்னும் இருக்கின்றன, அவர்களை விட்டுவிடக் கூடாது. பிழை வரி "நோ இம்ப்ளிமென்டேஷன் ஃபவுண்டு" என்று வந்திருந்தால் காரணம் வேறு: நூலகம் ஏறியிருக்கும், செயலியின் ஜாவா அல்லது காட்லின் நிரலைச் சி++ உடன் இணைக்கும் ஜேஎன்ஐ செயற்கூற்றின் பெயர் பொருந்தியிருக்காது, பெரும்பாலும் எக்ஸ்டர்ன் சி விடுபட்டிருக்கும்.

வெண்ணாறு:
மேலே சொன்னது சரி. 64 பிட் வகையை மட்டும் நீக்கிவிடாதீர்கள். 2019 ஆகஸ்டிலிருந்து பிளே ஸ்டோர் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பிளே ஸ்டோருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் இப்போதே கவனியுங்கள். ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்கு மேற்பட்டதை இலக்காகக் கொண்ட செயலிகள் 16 கேபி நினைவகப் பக்கங்களை ஆதரிக்க வேண்டும் என்ற விதி 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. என்டிகே ஆர்28 அவ்வாறே தொகுக்கிறது. எனவே அந்தப் பதிப்பெண்ணைக் கிரேடில் கோப்பில் என்டிகே வெர்ஷன் என்று எழுதி நிலைப்படுத்துங்கள். ஓப்பன்சிவியின் கோப்புகள் ஏற்கெனவே தொகுக்கப்பட்டவை என்பதால், அவற்றையும் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டியிருக்கும். விண்டோஸ் கணினி என்றால், கோப்புறைப் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள். நான் ஆசையாகக் 'காவிரி' என்று பெயரிட்ட கோப்புறையில், பாதையில் ஆங்கிலம் அல்லாத எழுத்து இருக்கிறது என்று கிரேடில் நின்றுவிட்டது; பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றிய பிறகே தொகுத்தது.

குறுவை:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆர்ம்64-வி8ஏ மட்டும்தான் இருந்தது. வி7ஏ சேர்த்துத் தொகுத்து, அனலைஸ் ஏபிகே வழியாக லிப் கோப்புறையைத் திறந்து பார்த்தேன்; இரண்டு வகையிலும் லிப்இலை.எஸ்ஓ இருக்கிறது. அப்பாவின் கைப்பேசியில் செயலி திறந்து, முதல் இலையைப் படம் பிடித்தாயிற்று. ஓப்பன்சிவி பதிப்பை இன்றிரவு மாற்றுகிறேன்.