ஃபெஞ்சல் மழையில் நனைந்த 1976 பின்பால் மெஷின்: ஸ்டார்ட் அழுத்தினால் ஸ்கோர் மோட்டார் நிற்பதே இல்லை

குருசுக்குப்பம்_ஃபிளிப்பர்:

வணக்கம். மெஷின் காட்லீப் கம்பெனியின் ‘ராயல் ஃபிளஷ்’, 1976, நான்கு பேர் ஆடும் எலக்ட்ரோமெக்கானிக்கல் (எலக்ட்ரானிக் போர்டு இல்லாமல் ரிலே, மோட்டாரால் இயங்கும்) மாடல். பிரான்சிலிருந்து வீட்டுச் சாமான்களோடு வந்தது. இப்போது இருப்பது புதுச்சேரி குருசுக்குப்பத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. கால்களைக் கழற்றித் தரையில் வைத்திருந்த நேரத்தில், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழைத்தண்ணீர் உள்ளே புகுந்து அடிப்பலகை நனைந்துவிட்டது. பந்து ஓடும் பலகையான பிளேஃபீல்டும், ஸ்கோர் காட்டும் பின்தலையும் நனையவில்லை.

டிரான்ஸ்பார்மர் லேபிளில் 115 வோல்ட், 60 சைக்கிள் என்று இருக்கிறது. வீட்டில் கிடந்த 300 விஏ ஸ்டெப்-டவுன் (வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) வழியாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்ததில்:

பல்புகள் முக்கால்வாசி எரிகின்றன. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஸ்கோர் மோட்டார் (ஆட்டத்தின் சுவிட்சுகளை வரிசையாக இயக்குவது) சுற்றத் தொடங்கி நிற்பதே இல்லை, ஆட்டமும் ஆரம்பமாகவில்லை. ஆட்டம் தொடங்காததால், பந்தை அடிக்கும் ஃபிளிப்பர்களின் ரிலேயைக் (காயில் காந்தமாகி இழுக்கும் சுவிட்ச்) கையால் அழுத்திச் சோதித்தோம். இடது ஃபிளிப்பர் பாதிதான் எழும்புகிறது, வலதில் அசைவே இல்லை. ஒரு நிமிடத்தில் வார்னிஷ் கருகும் வாசனை வந்ததால் அணைத்துவிட்டோம்.

மோட்டாரையும் ஃபிளிப்பர் காயில்களையும் மாற்ற வேண்டுமா? எந்த வரிசையில் வேலையைத் தொடங்குவது? பாகங்கள் இங்கே கிடைக்குமா?

ரிலே24:

சார், இப்போதைக்கு எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். கரண்ட்டும் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறும் பெரும்பாலும் காண்டாக்ட் (சுவிட்சிலும் ரிலேயிலும் தொட்டுப் பிரியும் உலோக முனை) அழுக்காலோ கம்பி அறுந்ததாலோ வருபவை. மோட்டார் நன்றாக இருப்பதால்தான் நிற்காமல் சுற்றுகிறது.

முதலில் அடிப்பலகை. இந்த மாடலில் டிரான்ஸ்பார்மர், ஸ்கோர் மோட்டார், பெரும்பாலான ரிலேக்கள் எல்லாம் அதில்தான். வயர்க் கட்டுகளை இணைக்கும் ஜோன்ஸ் பிளக்குகளைக் கழற்றும் முன் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எண் எழுதி டேப் ஒட்டுங்கள். பலகையை வெளியே எடுத்து மேசைமேல் வையுங்கள்.

தெருத்தண்ணீர் காய்ந்த இடத்தில் வெறும் சேறு மட்டும் இருக்காது, உப்பும் இருக்கும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துத் தண்ணீராகக் கசியும். கடலோரத்தில் பல இரவுகள் அப்படித்தான். அதனால் “காய்ந்துவிட்டது” என்று நம்பி விடக்கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பிரஷில் தொட்டு உப்பைத் துடைத்தெடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை. காயில்மேல் சுற்றியுள்ள காகிதத்தில் ஈரம் இறங்க விடாதீர்கள். அப்புறம் ஃபேன் காற்றில் நான்கைந்து நாள். வெயிலில் வைத்தால் பிளைவுட் பிரிந்து வரும்.

டிரான்ஸ்பார்மரைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பிரைமரிக்கும் இரும்பு பாடிக்கும் நடுவே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்தால் குறைந்தது 2 மெகாஓம் காட்ட வேண்டும். குறைந்தால் 60 வாட் குண்டு பல்பை அருகே எரியவிட்டு இரண்டு நாள் சூடேற்றி மறுபடி பாருங்கள். மெகர் வைக்கும்போது பிளக்குகள் எல்லாம் கழன்றிருக்க வேண்டும்.

ரிலே காயில்களை மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். சரியான மதிப்பு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. காயில் காகிதத்தில் அச்சிட்ட எண் ஒன்றாக இருந்தால் ஓமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் உள்ளே ஷார்ட். ஒன்றுமே காட்டாவிட்டால், பெரும்பாலும் முனையில் மெல்லிய கம்பி களிம்பு பிடித்து அறுந்திருக்கும். ஒரு சுற்றைப் பிரித்து எனாமலைச் சுரண்டி ஈயம் வைத்தால் போதும்.

அடுத்தது காண்டாக்ட். இவை வெள்ளி முகம் கொண்டவை. பழைய ஸ்கூட்டர் மெக்கானிக் வைத்திருக்கும் மெல்லிய பாயின்ட் அரம் இருந்தால் அதுவே சரியான கருவி. இரண்டு பிளேடுக்கும் நடுவே அரத்தை நுழைத்து, விரலால் லேசாக அழுத்தி மூன்று இழுப்பு இழுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வெளியே எடுத்ததும் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை அதே இடத்தில் வைத்து இழுங்கள். கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை காகிதத்தையே மாற்றி மாற்றி இழுங்கள்.

இடைவெளி: திறந்திருக்கும்போது சுமார் 1.5 மில்லிமீட்டர். மூடும்போது இரண்டு முனையும் தொட்ட பிறகு இன்னும் 0.8 மில்லிமீட்டராவது சேர்ந்து நகர வேண்டும், அந்த உராய்வுதான் காண்டாக்ட்டைத் தானே சுத்தமாக வைத்திருக்கும். பிளேடை நுனியில் வளைக்காதீர்கள். பிளேடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் அடுக்கின் அடியில், ஃபைபருக்குப் பக்கத்தில் பிடித்து வளையுங்கள். அடுக்கு ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் அதை முறுக்கிய பிறகே வளைக்க வேண்டும், இல்லையென்றால் செய்த வேலை வீண்.

துரு எடுக்கும் ஸ்ப்ரே எதையும் உள்ளே அடிக்க வேண்டாம். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். தூசி ஒட்டும், காண்டாக்ட் பொறியில் தீயும் பிடிக்கும்.

ஓடி_வயர்மேன்:

கடலூர் ஓ.டி.யிலிருந்து (ஓல்டு டவுன்). ரிலே24 அண்ணன் சொன்னதில் எல்லாம் உடன்பாடு. ஒன்று சேர்க்கிறேன்: அரம் கிடைக்கவில்லையே என்று உப்புத்தாளைக் கிழித்து நுழைக்காதீர்கள். மணல் துகள் வெள்ளியில் பதிந்துகொள்ளும், அப்புறம் அந்த இடம் கரண்ட் கடத்தாது. 1977க்குப் பின் வந்த எலக்ட்ரானிக் போர்டு மெஷின்களில் பிளேஃபீல்டு காண்டாக்ட்டுகள் தங்க முலாம், அங்கே அரமும் கூடாது, விசிட்டிங் கார்டு மட்டும்தான்.

கரண்ட் பக்கம். 300 விஏ போதாது. இரண்டு ஃபிளிப்பரும் ஒரே நேரத்தில் இழுத்தால் வோல்ட் விழும், ரிலேக்கள் உதறும். 500 விஏ குறைந்தபட்சம், 1 கேவிஏ நிம்மதி. 230க்கு 110 தரும் வகையே வாங்குங்கள், 120 தருவது வேண்டாம். 60 சைக்கிளுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மர் நம் 50 சைக்கிளில் அதே வோல்ட்டுக்கு 20 சதவீதம் கூடுதல் காந்தச் சுமை தாங்குகிறது. 110 கொடுத்தால் அந்தச் சுமை கொஞ்சம் இறங்கும், சூடும் குறையும். 50 சைக்கிளில் ஸ்கோர் மோட்டார் சற்று மெதுவாகச் சுற்றும், அது கோளாறு அல்ல.

பழைய ஒயர் இரண்டு கோர்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு 1 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் போடுங்கள். எர்த் ஒயரை டிரான்ஸ்பார்மர் பாடி, காசுக் கதவு, பக்கச் சட்டங்கள், முன் லாக் பார், நான்கு கால் போல்ட் என்று எல்லா உலோகத்துக்கும் கொண்டுபோக வேண்டும். வெறுங்காலோடு மொசைக் தரையில் நின்று ஆடும் வீடு நம்முடையது. சப்ளை நுழையும் இடத்தில் ஃபியூஸ் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் சுவிட்சுக்கு முன் ஒன்று வையுங்கள். உள்ளே இருக்கும் ஃபியூஸ்களுக்கு ஹோல்டர் அருகே அச்சிட்ட மதிப்பு எதுவோ அதுதான். சிகரெட் டப்பா ஈயத்தாள் சுற்றியிருந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றுங்கள்.

கரண்ட் கொடுத்ததும் காயில் லைனில் 24 வோல்ட் ஏசி, பல்பு லைனில் 6 வோல்ட் ஏசி இருக்க வேண்டும். பாலி கம்பெனி எலக்ட்ரோமெக்கானிக்கல் மெஷின்களில் காயில் லைன் 50 வோல்ட், அதிலிருந்து எடுத்த காயிலை இதில் போட்டால் இழுக்காது.

ரிலே24:

இனி ஃபிளிப்பர். ஒவ்வொரு ஃபிளிப்பர் காயிலிலும் இரண்டு சுற்று உண்டு. தடித்த கம்பியில் சில ஓம் மட்டுமே உள்ள வலுச் சுற்று, மெல்லிய கம்பியில் பல மடங்கு ஓம் உள்ள பிடிப்புச் சுற்று. ஃபிளிப்பர் கீழே இருக்கும்போது, வீச்சு முடியும் இடத்தில் உள்ள சுவிட்ச் மூடியிருந்து வலுச் சுற்றுக்கு முழுக் கரண்ட் தரும். மேலே போய்ச் சேர்ந்ததும் அது திறந்து பிடிப்புச் சுற்றையும் வரிசையில் சேர்க்கும், கரண்ட் குறையும்.

இடது பாதி எழும்புவது அந்தச் சுவிட்ச் அழுக்கால் மூடாததால். பிடிப்புச் சுற்றும் வரிசையில் சேர்ந்தே இருப்பதால் கரண்ட் குறைவாகப் போகிறது. அதையும் பட்டனின் காண்டாக்ட்டையும் அரத்தால் தேயுங்கள், இவை அதிகக் கரண்ட் தாங்கும் கடினமான டங்ஸ்டன், அதனால் ஏழெட்டு இழுப்பு தேவைப்படும். வீச்சு முடிவில் இடைவெளி 2 முதல் 3 மில்லிமீட்டர்.

வலது அசையாததற்குப் பெரும்பாலும் காயில் காதில் (கம்பியை ஈயம் வைக்கும் முனை) கம்பி அறுந்திருக்கும். மூன்று காதிலும் ஓம் பார்த்தால் தெரியும். கருகும் வாசனை எங்கிருந்து என்பதை ஒவ்வொரு காயிலின் காகிதத்தையும் பார்த்துக் கண்டுபிடியுங்கள். பழுப்பேறி உப்பியிருந்தால் அதுதான். உள்ளே உள்ள நைலான் குழாயில் பிளஞ்சர் (காயில் இழுக்கும் இரும்புத் தண்டு) தடையில்லாமல் விழ வேண்டும். சிக்கினால் குழாயை மாற்றுங்கள், பிளஞ்சருக்கு எண்ணெய் ஒருபோதும் போடக்கூடாது.

இப்போது நிற்காத மோட்டார். கரண்ட் கொடுத்த உடனே சுற்றினால் மோட்டாரின் சொந்த ஹோம் சுவிட்ச் (சுற்று முடிந்ததும் மோட்டாரை நிறுத்துவது) கோளாறு. உங்களுக்கு ஸ்டார்ட் அழுத்திய பிறகுதான் சுற்றுகிறது, ஆக ஸ்கோர் எண்களைக் காட்டும் ரீல்கள் எல்லாம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன என்ற செய்தி மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. பின்தலையைத் திறந்து ரீல்களைப் பாருங்கள். ஏதாவது ஒரு ரீல் 3, 7 என்று நின்றுகொண்டே துடித்தால் அதன் ராட்செட் பல்சக்கரத்தில் கிரீஸ் இறுகியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. எல்லா ரீலும் 0 காட்டியும் மோட்டார் ஓடினால், ஏதோ ஒரு ரீலின் பூஜ்ய சுவிட்ச் திறக்கவில்லை. மோட்டார் ஓடும்போதே ஒவ்வொரு ரீலிலும் பூஜ்யத்தில் திறக்க வேண்டிய காண்டாக்ட்டுக்கு நடுவே காய்ந்த காகிதத் துண்டை வைத்து எடுங்கள். எந்த ரீலில் வைத்ததும் மோட்டார் நிற்கிறதோ அதுதான் ஆள். ஒரு கை மட்டும் உள்ளே, மற்றது முதுகுக்குப் பின்னால்.

பழுப்பு_பிளைவுட்:

மரவேலைப் பக்கம் மட்டும் சொல்கிறேன். கேபினெட் அடியில் ஆணியால் குத்திப் பாருங்கள். பொதுக்கென்று இறங்கினால் கரையான் அல்லது அழுகல். ஓரம் மட்டும் பிரிந்திருந்தால் பிளேடால் அடுக்கைத் திறந்து மரப்பசையை ஊசி போட்டுச் செலுத்தி, இரண்டு பக்கமும் கட்டை வைத்து கிளாம்ப் இறுக்கி ஒரு நாள் விடலாம். மூலைகளில் குளவிக் கூடு இருந்தால் ஈரப்படுத்தாமல் உலர்ந்தபடியே உடைத்தெடுங்கள், ஈரமான களிமண் வயருக்குள் ஓடும்.

பிளேஃபீல்டில் தண்ணீர்த் துணி படவே கூடாது. லைட்டர் பெட்ரோலைப் பருத்தித் துணியில் தொட்டுத் துடையுங்கள், பிறகு சிராய்ப்புப் பொருள் இல்லாத கார்னாபா மெழுகு மெல்லிய பூச்சு. ஜன்னலைத் திறந்துவைத்து, கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். பின்தலையின் ஓவியக் கண்ணாடியான பின்கண்ணாடியின் பின்புறத்தை எந்தக் காரணத்துக்கும் துடைக்காதீர்கள். ஓவியம் அந்தப் பக்கத்தில்தான், ஒரு துடைப்பில் உரிந்து வந்துவிடும்.

சாய்வு: கால்களை மாட்டியதும் ரசமட்டத்தால் குறுக்குவாட்டைச் சரிபார்த்து, பிளேஃபீல்டு 3.5 டிகிரி சாயும்படி பின்கால்களை உயர்த்துங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு 6 சென்டிமீட்டர் ஏற்றம் என்று கணக்கு.

ஓடி_வயர்மேன்:

பாகங்கள் கேட்டிருந்தீர்கள். பந்து 1 1/16 அங்குலம், 80 கிராம். நல்ல பேரிங் கடையில் குரோம் ஸ்டீல் பந்து அந்த அளவில் கிடைக்கும், 27 மில்லிமீட்டரும் சரியே. பழைய பந்தில் துருப்புள்ளி இருந்தால் ஒரு ஆட்டம்கூட ஆடாதீர்கள், அது பெயின்டை அரம்போல் சுரண்டும்.

பல்பு விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். பைக் கடையில் 6 வோல்ட் 4 வாட் பார்க்கிங் பல்பு இதே ஹோல்டரில் கச்சிதமாக உட்காரும். ஆனால் இதற்குரிய 47 நம்பர் பல்பு 0.15 ஆம்பியர்தான் எடுக்கும், 4 வாட் பல்பு 0.67 எடுக்கும். 40 பல்பு என்று வைத்தால் 6 ஆம்பியர் போக வேண்டிய வயரில் 26க்கு மேல் போகும். ஃபியூஸ் போவது நல்லகாலம், போகாவிட்டால் பின்கண்ணாடி ஓவியம் சூட்டில் உரியும். 47 கிடைக்காவிட்டால் 6 வோல்ட் ஏசியில் எரியும் எல்இடி போடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் பிஏ9எஸ் அடி என்று கேளுங்கள்.

காயிலை நம்மூர் மோட்டார் ரீவைண்டிங் கடையிலேயே சுற்றலாம். எரிந்த காயிலைப் பிரிக்கும்போது கம்பித் தடிமனும் சுற்று எண்ணிக்கையும் குறித்துக்கொடுங்கள். ரப்பர் வளையங்களும் நைலான் குழாய்களும் வெளிநாட்டிலிருந்துதான். பிரான்சில் இந்த மெஷினையே ‘ஃபிளிப்பர்’ என்பார்கள், அந்தப் பெயரில் தேடினால் அங்குள்ள விற்பனையாளர்கள் கிடைப்பார்கள். ஃபிளிப்பரைப் பின்பாலுக்கு முதலில் கொண்டுவந்ததும் இதே காட்லீப்தான், 1947 ‘ஹம்டி டம்டி’ மெஷினில்.

குருசுக்குப்பம்_ஃபிளிப்பர்:

எல்லோருக்கும் நன்றி. சுத்தம் செய்து 1 கேவிஏ ஸ்டெப்-டவுனும் எர்த்தும் போட்டாயிற்று. மெகர் 8 மெகாஓம். 24, 6 வோல்ட் சரியாக வருகின்றன. வலது ஃபிளிப்பர் காயில் காதில் கம்பி அறுந்திருந்தது, ஈயம் வைத்தோம். இடது காயில் காகிதம் பழுப்பு, ஆனால் ஓம் வலதோடு ஒத்துப்போகிறது. காகிதம் வைத்துப் பார்த்ததில் மூன்றாவது ஆட்டக்காரரின் பத்துகள் ரீலில் மோட்டார் நின்றது. சரிசெய்த பின் ஆட்டம் ஆரம்பமாகிறது. ஆனால் பந்து விழுந்ததும் சில நேரம் அடுத்த ஆட்டக்காரருக்குப் போகாமல் அதே ஆளிலேயே நிற்கிறது.

ரிலே24:

கோளாறு பிளேயர் யூனிட்டில், அதாவது எந்த ஆட்டக்காரரின் முறை என்று எண்ணும் பாகத்தில். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பல் நகரும் ஸ்டெப்பர் அது. 50 வருடக் கிரீஸ் அதன் பேக்கலைட் தட்டில் அரக்குப்போல் இறுகியிருக்கும். கையால் நகர்த்திப் பாருங்கள். ஸ்பிரிங் இழுத்துச் ‘சடக்’கென்று அடுத்த பல்லில் விழ வேண்டும், தயங்கினால் பிரிக்க வேண்டியதுதான். தொடுவிரல்கள் எந்தத் தலைப்பில் (தட்டில் பதித்த பித்தளைக் குமிழ்) நிற்கின்றன என்று போட்டோ எடுத்துக்கொண்டு, ஸ்பிரிங்கின் எத்தனை சுற்று இறுக்கம் என்பதையும் எண்ணிக் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். தட்டையும் பித்தளைத் தலைப்புகளையும் ஆல்கஹாலால் துடைத்து, பச்சைக் களிம்பு இருக்கும் தலைப்புகளை மட்டும் ஸ்காட்ச்-பிரைட்டால் மினுக்குங்கள். டெஃப்ளான் கலந்த கிரீஸை விரலில் தொட்டுத் தட்டின்மேல் தடவி, அதை மறுபடி துணியால் துடைத்தெடுங்கள், மிச்சம் நிற்கும் படலம் போதும். நடு அச்சுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய்.

பந்து எண்ணும் யூனிட்டும் கிரெடிட் யூனிட்டும் அதே வயசு. கையோடு அவற்றையும் பிரித்துவிடுங்கள். இடது காயிலை இப்போதைக்கு விடலாம். பத்து நிமிடம் ஆடிய பின் கை வைத்துப் பாருங்கள். தொட்டு வைத்திருக்க முடியாத சூடு என்றால் வீச்சு முடிவுச் சுவிட்ச் முழுதாகத் திறக்கவில்லை, முதலில் அந்த இடைவெளியைப் பாருங்கள்.