அம்மாவின் கை வீக்கம்: கட்டு போடலாமா, வேலைக்குப் போகலாமா?

சிப்புட் மகள்:
வணக்கம். நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை செய்து, இடது அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து, அப்புறம் கதிர் சிகிச்சையும் கொடுத்தார்கள். ரொம்ப நாள் நன்றாகத்தான் இருந்தார். இப்போது இடது கை வீங்கிக்கொண்டே வருகிறது, வளையல் ஏறவில்லை, சாயங்காலமானால் கை கனக்கிறது என்று தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ஈப்போவில் பார்த்த பிசியோ இது லிம்ஃபெடிமா, அதாவது நிணநீர் வடியாமல் தேங்கி வரும் வீக்கம், பல அடுக்குக் கட்டு போட்டுப் பயிற்சி செய்ய வேண்டும் என்றார். பெரியம்மாவோ சூடாக எண்ணெய் தடவி அழுத்தி உருவினால் நீர் இறங்கிவிடும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கையால் ஒன்றுமே தூக்கக் கூடாது என்கிறார். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர், வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று துடிக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பிசியோ அண்ணன்:
தங்கச்சி, நான் இந்தத் துறையில் இருக்கிறேன். அந்தச் சூட்டு எண்ணெய் உருவலை இன்றே நிறுத்துங்கள். நிணநீர்க் குழாய்கள் தோலுக்குக் கீழேயே மெல்லிசாக ஓடுகின்றன, அழுத்தித் தேய்த்தாலும் சூடு கொடுத்தாலும் அங்கே ரத்த ஓட்டம் கூடி இன்னும் நீர்தான் கசியும். நாங்கள் கை வைப்பது தோல் லேசாக இழுபடும் அளவுக்குத்தான். அதையும் வீங்கிய இடத்தில் தொடங்க மாட்டோம். முதலில் கழுத்து, அப்புறம் வலது அக்குள், நெஞ்சு, அதற்குப் பிறகு மேல்கை, கடைசியில்தான் முன்கையும் விரல்களும். மேலே வழி திறக்காமல் கீழே தள்ளி என்ன பயன்?

ஆனால் தடவுவது மட்டும் போதாது, கட்டுதான் முக்கியம். பார்மசியில் கிடைக்கும் இழுபடும் கிரேப் துணி இதற்கு ஆகாது. அதிகம் இழுபடாத துணி வேண்டும், அப்போதுதான் உள்ளே தசை அசையும்போது கட்டு விட்டுக்கொடுக்காமல் நின்று நீரை மேலே தள்ளும். அதனால்தான் கட்டோடு விரல் மடக்கி நீட்டு, முழங்கை மடக்கு, வயிறு நிறைய மூச்சு இழு என்று சொல்கிறோம். கைப்பக்கம் இறுக்கம் அதிகம், மேலே போகப்போகக் குறைவு. விரல் மரத்தாலோ நீலமானாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். சுற்றளவு குறைந்து ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் ஸ்லீவுக்கு, அதாவது கையை அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான உறைக்கு, அளவெடுக்க வேண்டும், வீங்கிய கைக்கு அளவெடுத்து வாங்கினால் காசுதான் வீண்.

தூக்கவே கூடாது என்பது பழைய பேச்சு. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் லிம்ஃபெடிமா உள்ள பெண்களைக் கண்காணிப்போடு, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தூக்க வைத்துப் பார்த்தார்கள், வீக்கம் கூடவில்லை, திடீரென்று அதிகமாவதும் குறைந்தது. அம்மாவும் ஸ்லீவ் போட்டு அரைக் கிலோவில் தொடங்கட்டும். எடுத்த எடுப்பில் முழு மூட்டை வேண்டாம்.

பத்து காஜா அக்கா:
எனக்கும் இதேதான்மா, பயப்படாதே. அண்ணன் சொன்னதோடு தோலைப் பற்றியும் சொல்கிறேன், தோட்டத்துக்காரர்களுக்கு அதுதான் பெரிய தலைவலி. செம்பனை முள், கொசுக்கடி, நகம் வெட்டும்போது ஒரு சின்னக் கீறல், இது போதும் கிருமி உள்ளே போக. கையுறை இல்லாமல் அம்மாவைப் பழம் பொறுக்க விடாதே. தினமும் குளித்து விரலிடுக்கெல்லாம் துடைத்து வாசனையில்லாத கிரீம் தடவு. கை சிவந்து சூடாகி காய்ச்சலும் வந்தால் கட்டை அவிழ்த்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, காலையில் பார்க்கலாம் என்று இருக்காதே, அதற்கு ஆண்டிபயாடிக் வேண்டும். ஸ்லீவ் இரண்டு வாங்கு, ஒன்றைத் துவைத்து நிழலில் காயப்போட்டு மற்றதை மாட்டலாம். ஆறு மாதம் போனால் பிடிப்பு தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும்.

சிப்புட் மகள்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. பெரியம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். இன்னொன்று, அம்மா தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருக்கிறார். எடுக்கலாமா?

பிசியோ அண்ணன்:
அதற்குள் வீக்கம் இறங்கி, தோலில் புண் எதுவும் இல்லையென்றால் எடுக்கலாம். சின்னக் குடம், ஸ்லீவ் கட்டாயம், வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்புங்கள். குடத்தை வலது கையால் பிடிக்கட்டும், இடது கையைத் தொங்கவிடாமல் விரலை மடக்கி நீட்டிக்கொண்டே நடக்கட்டும். அடுத்த தடவை போகும்போது உங்கள் பிசியோவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், கையைப் பார்த்துவிட்டு அவர் சொல்வதுதான் முடிவு.